கண்ணை மூடிப் பிடுங்கிய பல்

அந்த ஆடி மாதத்தை நினைத்தால் எனக்கு முதலில் மூடுபனிதான் ஞாபகத்துக்கு வருகிறது. வண்டிப்பெரியாருக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், அது வாசல் வழியாக உள்ளே வரும். சாப்பிடுகிற தட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு தன் பாட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டில் யாரோ இருமினால் வேறு ஏதோ ஊரில் இருமுவதுபோல் கேட்கும். எல்லாரும் பாதித் தூக்கத்தில்தான் நடமாடிக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில்தான் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது, பல்லோடு.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பிறந்து ஐந்து நாளாகியும் எனக்குக் குழந்தையின் முகத்தைக் காட்டவில்லை. போனால் தங்கை அதைத் தோளோடு அழுத்திக்கொள்வாள். பல்லோடு பிறந்த பிள்ளையின் வாயைத் தாய்மாமன் பார்த்தால் அவன் ஆயுசுக்கு ஆகாதாம். அப்பாவும் அம்மாவும் மலைக்காய்ச்சலில் போனபிறகு அவளுக்கென்று இருந்தது நான் ஒருவன்தான். அது தெரிந்தும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

கடைசியில் தங்கையின் வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து விஷயத்தை உடைத்தார். பால் குடிக்கும்போதெல்லாம் பல் கீறி அவளுக்கு மார்பெல்லாம் புண். பீய்ச்சிச் சங்கில் ஊட்டினாலும் குழந்தை துப்புகிறது. நாக்கின் அடியிலும் புண். பல்லும் ஆடுகிறதாம். "இளைச்சுக்கிட்டே வருது மச்சான். நேத்துலருந்து அழக்கூடத் தெம்பில்ல" என்றார்.

மாதம் ஒருமுறை வருகிற டாக்டர் துரைக்கு வர வழியில்லை. மண் சரிந்து சாலை அடைபட்டிருந்தது. ஆனால் இப்படி ஒரு பல்லை அவர் முன்பே எனக்குக் காட்டியிருந்தார். அது சாபமுமில்லை, பெரும்பாலும் உபரிப் பல்லுமில்லை. ஆறு மாதம் கழித்து வரவேண்டிய பால்பல் அவசரப்பட்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். உறுதியாக இருந்தால் விட்டுவிடலாம். ஆடினால் எடுத்துவிட வேண்டும். தானாகக் கழன்றால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அதையும் பிறந்து பத்து நாள் கழியாமல் தொடாதே, பச்சைப்பிள்ளைக்கு ரத்தம் லேசில் நிற்காது என்று எச்சரித்திருந்தார்.

அதுவரை சொட்டுச் சொட்டாகச் சங்கில் ஊட்டச் சொன்னேன். பதினோராம் நாள் காலை, கொதிக்கவைத்த துணித்துண்டுகளோடு போனேன்.

"வராதண்ணே!" தங்கை மூலையில் ஒண்டிக்கொண்டாள்.

"அறிவுகெட்டவளே, பிள்ள சாகக் கெடக்கு. என் ஆயுச நீயா எழுதுற?"

"எனக்குப் பிள்ளையும் வேணும், நீயும் வேணும். நான் என்னண்ணே செய்வேன்?" என்று விம்மினாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "கண்ண மூடிக்கிட்டு எடுண்ணே."

நல்ல கூத்து! கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு பல் பிடுங்குவதாம். வேறு வழியில்லாமல் சம்மதித்தேன். குழந்தையை அதன் அப்பா மடியில் வைத்துக்கொண்டார். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். நான் கண்ணை மூடினேன்.

மூடியதும் மழைச் சத்தம் தூரமாய்ப் போய்விட்டது. என் சுண்டுவிரல் வெதுவெதுப்பான ஈரத்துக்குள் நுழைந்தது. வழவழவென்று கீழ் ஈறு, அதன் நடுவில் அரிசி முனைபோல் ஒன்று. தொட்டதும் அசைந்தது. வேரே இல்லை, வெறும் தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தை மெல்ல என் விரலைச் சப்ப ஆரம்பித்தது. எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. இதே தங்கையை மடியில் கிடத்தி நான் சங்கில் பால் புகட்டிய காலத்துக்குப் போய்விட்டேன். அப்போதும் இப்படித்தான் விரலைச் சப்புவாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ!

"ஆச்சாண்ணே?" என்றாள்.

துணியால் பிடித்து லேசாகத் திருகினேன். பல் வந்துவிட்டது. வந்த வேகத்தில் துணியிலிருந்து வழுக்கி வாய்க்குள்ளேயே விழுந்துவிட்டது. குழந்தையிடம் சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்துவிட்டேன். வாயைப் பிளந்து நேராகப் பார்த்தேன். நாக்குக்குப் பின்னால் கிடந்ததை விரலை வளைத்து வெளியே இழுத்தேன். அப்புறம் குழந்தை வீரிட்டு அழுதது பாருங்கள், போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. துணியை வைத்து அழுத்தினேன், ரத்தம் நின்றது.

"பாத்தியாண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

"இல்லத்தா" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

ஒரு வாரத்தில் இரண்டு பேர் புண்ணும் ஆறியது. குழந்தை மடக் மடக்கென்று குடித்தது.

மூன்றாம் வயதில் காது குத்தும்போது மருமகள் என் மடியில்தான் உட்கார்ந்தாள். அழுது முடித்து, கடலை மிட்டாயைக் கண்டதும் சிரித்தாள். கீழ்வரிசையில் அந்த ஒற்றை இடைவெளி தெரிந்தது. ஆறேழு வயதில் நிலைப்பல் முளைத்து அதை அடைத்துவிடும். நான் பெருமையாகத் தங்கையிடம், "பாரு, தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்" என்றேன்.

தங்கை சிரிக்கவில்லை. "நீ அன்னைக்குக் கண்ணத் தொறந்தத நான் திரும்பிப் பாத்துட்டேண்ணே. அன்னையிலருந்து அம்மனுக்கு நேந்துக்கிட்டு செவ்வாக்கெழம ராத்திரி சோறு திங்கிறதில்ல."

பால் கொடுக்கிறவள் பட்டினி கிடந்தாயா, உனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது என்று பந்தி நடக்கும்போதே கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"நீ இருக்குற வரைக்கும்."

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன செவ்வாய்க்கிழமையும் போய்த் திட்டிப் பார்த்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.