எதைத் தின்றதால் வந்தது?

முதலில் கண்டது இரத்தம். மில்லுக்குப் புறப்படும் அவசரத்தில் பார்த்தேன், மலத்தோடு கலந்து வந்திருந்தது. மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தறி ஓட்டுகிறவன் நாள் முழுதும் நிற்கிறவன். எங்கள் பிரிவில் பாதிப் பேர் மூலம் என்று புலம்புகிறவர்கள்தாம். கருணைக்கிழங்கு தின்றேன், மோர் குடித்தேன். மனைவி லூர்துவிடம் சொல்லவில்லை. இதைப் போய் எப்படிச் சொல்வது?

அதே கூச்சத்தோடு இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களில் வயிற்றின் போக்கு மாறியது. சில நாள் கட்டிக்கொள்ளும், சில நாள் தண்ணீராய்ப் போகும். போய்விட்டு வந்த பிறகும் பாக்கி இருப்பதுபோலவே தோன்றும். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

"இன்னாங்க, இப்பிடி எளைச்சிட்டீங்க? எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க" என்றாள் லூர்து.

சொன்னேன். அவள் திட்டவில்லை. மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் பேசிக்கொண்டேதான் சோதித்தார். குழாய் விட்டுக் குடலின் உள்ளே பார்த்தபோது அவர் பேச்சு நின்றுவிட்டது. பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பெருங்குடலில் புற்றுநோய். பரவியதாகத் தெரியவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார்.

அறுவைக்கு முன்பே காரணம் தேடுவது தொடங்கிவிட்டது. லூர்துவின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். லீவில் வரும்போதெல்லாம் சொசிசோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சி) கொண்டுவருவார். லூர்தும் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே சொசீஸ் (கொத்திய பன்றிக்கறியைக் குடலில் அடைத்துச் செய்வது) செய்வாள். என் அக்கா செலினுக்கு அது போதுமாக இருந்தது.

"பன்னிக்கறியும் உப்புக்கண்டமுமா போட்டுப் போட்டு என் தம்பி கொடலையே கெடுத்துட்டா" என்று வார்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

பிறகு ஆளுக்கொரு யோசனை. கறியே கூடாது என்றார் ஒருவர். ஈரல் தின்றால்தான் இரத்தம் ஊறும் என்றார் இன்னொருவர். லூர்துவின் அண்ணனோ, "பிரான்சுல அத்தினி பேரும் திங்கறான். எல்லாருக்குமா வந்திடுச்சி?" என்று கேட்டார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கொலாஸ்டமி (வயிற்றில் துளையிட்டு, மலம் வெளியே ஒரு பையில் சேர வழி செய்வது) தற்காலிகமானது என்றார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் புண் ஆறவில்லை. எதைக் கொடுத்தாலும் ஆபத்து என்று பயந்து லூர்து கஞ்சி மட்டுமே கொடுத்தாள். அவளும் அதையே குடித்தாள். இருவரும் துரும்பாகிப் போனோம்.

மறுபடி டாக்டரிடம் போனபோது அக்காவும் கூட வந்தாள். கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போதே லூர்து உடைந்துபோனாள்.

"நான் பொங்கிப் போட்டதாலயா டாக்டர் இவருக்கு இது வந்திச்சி?"

டாக்டர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இவருக்கு ஏன் வந்திச்சின்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா பொய். உப்பு போட்டு, பொகை போட்டுப் பதப்படுத்தின கறிய நெறைய திங்கறவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதனால இனிமே அத கொறைச்சிக்கோங்க. கீரை, காய் சேத்துக்கோங்க. ஆனா, நீங்க செஞ்ச சொசீஸாலதான் வந்திச்சின்னு யாராலயும் சொல்ல முடியாது. இப்ப புண்ணு ஆறணும். மீன் குடுங்க, முட்டை குடுங்க. அன்னிக்கு நீங்க கூட்டிட்டு வரலேன்னா, இத நான் நேரத்தோட பாத்தே இருக்க மாட்டேன்."

லூர்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளை அப்படி அழவிட்டு அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. மறுநாள் காலை வைத்திக்குப்பத்தில் கிழங்கான் மீன் வாங்கி, கழுவியே எடுத்துவந்தாள்.

"லூர்து, காரம் போடாம கொழம்பு வையி. ஒனக்கும் சேத்துத்தான் வாங்கியாந்தேன். நீயும் துன்னு" என்றாள்.

அன்றுதான் எங்கள் வீட்டில் மறுபடி அடுப்பு அடுப்பாக எரிந்தது. புண் மெல்ல ஆறியது. பையை மாற்றவும் துளையைச் சுற்றிச் சுத்தம் செய்யவும் லூர்துவிடமே கற்றுக்கொண்டேன். நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டால், "ஒடம்புதானே" என்பாள். சில மாதங்களில் துளையை மூடினார்கள். அதன்பின் முதல் தடவை இயல்பாக வெளிக்குப் போனபோது, எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

ஆண்டுகள் போய்விட்டன. முன்பெல்லாம் எனக்கு வயிறு என்றால் பசிதான். இப்போது அதன் ஒவ்வொரு புரளலும் தெரிகிறது. பயந்துகொண்டு அல்ல, பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டால் தெரியுமே, அப்படி. பரிசோதனைக்குப் போகிற வாரம் மட்டும் தூக்கம் வராது. சோதித்து முடித்ததும் டாக்டர், "அடுத்த வருஷம் வாங்க" என்பார். முன்பு எனக்கு வருடங்கள் தாமாக வந்துகொண்டிருந்தன. இப்போது ஒவ்வொன்றையும் கைநீட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.