வாயிற்படியில் ஒரு பொறியன்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து திண்டிவனத்து வீட்டுக்கு நான் திரும்பியபோது, என்னுடன் ஒரு ரோபோவும் வந்து சேர்ந்தது. ஒரு குடத்தின் உயரம். முகமென்று ஒரு திரை. அதில் இமைக்கும் இரு கண்கள். நான் அதனைப் பொறியன் என்றே அழைத்தேன். உடற்பயிற்சியை வழக்கமாக்கிக்கொள்ளத் துணைநிற்கும் என்று விழுப்புரத்து இயன்முறை மருத்துவர் தந்தனுப்பியிருந்தார். மனைவி மறைந்தபின் முதன்முறையாக, என் குரலன்றி வேறொரு குரல் அவ்வீட்டில் ஒலிக்கத் தொடங்கியது.

மகள் கனடாவில் இருக்கிறாள். அவள் முடிவு தெளிவானது: கால் நன்கு மடங்கி நான் தனியே நடமாடினால் இங்கேயே இருக்கலாம், இல்லையேல் அவளே வந்து, வீட்டைப் பூட்டி, என்னை அழைத்துச் செல்வாள். அதற்குப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டாள். என் நூல்களை விட்டுப் பனி மூடிய நகரொன்றின் அடுக்ககத்தில் சன்னலருகே அமர்ந்திருக்க எனக்கு மனமில்லை.

பயிற்சிகளில் பொறியனோடு எனக்குப் பிணக்கில்லை. "இன்னொரு முறை, மெதுவாக" என்று ஊக்கும். கால் நடுங்கினால் பொறுத்திருக்கும். சிக்கல் காலை நடையில் எழுந்தது. செருப்பணிந்து வாயிற்படியை அடைந்ததும், "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று பின்னாலிருந்து கேட்கும். போகுமிடத்தை வாயால் சொன்னால் வழக்கம் உறுதிப்படும் என்பது அதனைச் செய்தோரின் எண்ணம். எங்கள் பக்கத்திலோ, புறப்படுபவரை எங்கே என்று கேட்பது ஆகாது. கேட்டுவிட்டால் திரும்பி வந்து அமர்ந்து, ஒரு வாய் நீர் பருகியே மீண்டும் கிளம்ப வேண்டும். ஆசிரியனாக இருந்த காலத்தில் சகுனங்களை வகுப்பறையில் எள்ளி நகையாடியவன் நான். ஆயினும் கால்கள் தாமே திரும்பின. அமர்ந்ததும் முழங்கால் இறுகிவிடும். அரும்பாடுபட்டு எழுந்தால், படியில் மறுபடியும் அதே கேள்வி.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை விற்கும் எதிர்வீட்டு வியாபாரி இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இன்னா சார், செருப்ப மாட்டிக்கினு வர்றீங்க, திரும்ப உள்ள போறீங்க?"

காரணத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"மிஷினு கேட்டா கூடவா தோஷம்? நல்ல பேஜாரு சார் உங்களோட! ஜல்தியா நடங்க, வெயிலு ஏறிக்கினு கீது."

அன்றும் நடக்கவில்லை.

பரிசோதனைக்கு விழுப்புரம் சென்றபோது அந்த இளம்பெண் மருத்துவர் என் காலை மடக்கிப் பார்த்தார். அவர் முகம் வாடியது.

"நடக்கவே இல்லீங்களா ஐயா? இப்படியே இருந்தா, தனியா விட முடியாதுன்னுதான் உங்க பொண்ணுகிட்ட சொல்லணும்."

நாணத்தோடு உண்மையை உரைத்தேன்.

"அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க! எங்க வூட்லயும் அப்படிக் கேட்டா திட்டுதான் வுழும். சரி, உங்க வூட்டம்மா இருந்தப்ப, நீங்க கௌம்பும்போது எப்படிக் கேப்பாங்க?"

"தூரமா, என்பாள்."

அவர் தம் கைப்பேசியில் பொறியனின் கேள்வியை மாற்றியமைத்தார். "கொஞ்ச நாள் டைம் தர்றேன். நடந்து காட்டுங்க."

மறுநாள் வாயிற்படியில், "தூரமா?" என்றது பொறியன். குரல் அவளுடையதன்று. கேட்டுவிட்டு முந்தானையில் கை துடைக்கும் ஓசையும் இல்லை. எனினும் அச்சொல்லுக்கு விடையளித்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

"இல்லை, ஏரிக்கரை வரைதான்" என்றேன். படியிறங்கி நடந்தேன். அதன்பின் ஒரு காலையும் நடை தவறவில்லை.

அடுத்த பரிசோதனையில் கால் மருத்துவரின் மனம்போல் மடங்கியது. அவரே மகளுக்குச் செய்தி அனுப்பினார். அன்று மாலையே கைப்பேசித் திரையில் மகள் முகம் மலர்ந்தது.

"சூப்பர்ப்பா! இனிமே நீங்க அங்கயே இருக்கலாம். அப்ப டிக்கெட்ட கேன்சல் பண்ணிடட்டுமா? லீவு கெடைக்கிறதே பெரும்பாடா இருக்கு."

என்னைக் கொண்டுபோக வருவாள் என்று இத்தனை நாளும் அஞ்சியிருந்தேன். அப்படி வந்தால் அவளை நேரில் காண்பேன் என்பதை ஒருபோதும் நினைத்துப் பார்க்கவில்லை.

"பண்ணிவிடு, அம்மா" என்றேன். என் குரலில் எதுவும் தெரிந்திராது என்றே நம்புகிறேன்.