மூன்று மாடி ஏறச் சொல்லும் அக்கா

காலிப் பாட்டிலோடு வருகிறவரை ஆய்வுக்கூடத்து அக்கா கழிவறைக்கு அனுப்பமாட்டார், மாடிப்படிக்கு அனுப்புவார். "மூணு மாடி. ரெண்டு தடவை ஏறி இறங்கிட்டு வா. உள்ள சொகுசாப் படுத்துக் கிடக்கிற முட்டை அப்பத்தான் ஆட்டம் கண்டு வெளிய வரும்." நேரமும் உச்சிப்பொழுதாக இருக்க வேண்டும். காலையில் பிடித்த சிறுநீரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

அவர் தேடுவது இரத்தத்தில் குடியிருக்கும் ஒரு தட்டைப்புழுவின் முட்டையை. நத்தைகள் உள்ள ஏரியில் யாராவது இறங்கினால் அந்தப் புழு பொடிக் குஞ்சாகத் தோலைத் துளைத்துப் புகுந்து, சிறுநீர்ப்பையைச் சுற்றிய இரத்தக் குழாய்களில் குடும்பம் நடத்தும். முட்டையின் நுனியில் ஒரு முள். அது கிழிக்கிற இடத்தில் இரத்தம் கசியும்.

அந்தக் குடும்பத்தின்மேல் அக்காவுக்குக் கொஞ்சம் பொறாமை. "ஆம்பளப் புழு தன் உடம்பையே மடிச்சு, பொம்பளப் புழுவை அதுக்குள்ள வெச்சுத் தாங்குது. சாகுற வரைக்கும். எங்க வீட்டு மனுஷன் கடைக்குப் பை தூக்க வரமாட்டேங்கிறார்."

முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்த பழக்கம், மனிதர்களையும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கிறார். புதிதாக வரும் ஆண்கள் திருதிருவென விழிப்பார்கள்.

ஊர் சுற்றப் போன இடத்தில் ஏதோ ஓர் ஏரியில் நீந்திவிட்டு, சிறுநீரில் இரத்தத்தோடு அவரிடம் வந்தேன். இரண்டு முறை பார்த்தும் முட்டை இல்லை. மூன்றாம் முறையும் இல்லையென்றால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், கட்டியாகக்கூட இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மூன்றாம் முறை டாக்டரே ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். "இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்களேன்மா."

"என் கண்ணுல படலைன்னு வேணா எழுதறேன் சார். இல்லைன்னு எழுத, நான் என்ன உள்ள போயா பாத்தேன்?"

டாக்டர் போனதும் என் பக்கம் திரும்பினார். "ஏரியைக் கண்டா கரையில நின்னு பாக்கத் தெரியாதா உனக்கு? போ, இன்னொரு தடவை ஏறு."

மூச்சு வாங்க இறங்கி வந்து பாட்டிலை நீட்டினேன். இயந்திரத்தில் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்த விரல்கள் சட்டென நின்றன.

"வந்துட்டியா கண்ணு," என்றார். என்னிடம் அல்ல.

லென்ஸிலிருந்து தலையை எடுக்காமலே ஸ்டூலில் பாதி இடம் விட்டு நகர்ந்து, காலியான பாதியைக் கையால் தட்டினார்.