தவிட்டுக்கு வாங்கிய பேரன்

குருசுக்குப்பத்தில் யார் என்ன நேர்ந்துகொண்டாலும் கேலி செய்கிற ஒரே ஆள் மண்ணாங்கட்டி. "சாமி இந்த முடிய வெச்சிக்கிட்டு சவுரியா கட்டப்போவுது?" என்பார். வலை இழுத்த நேரம் போக மீதிக்கு இதுதான் தொழில்.

மகள் அஞ்சலாட்சிக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக ஒரு பையன் பிறந்து சிரிக்கவும் ஆரம்பித்ததும், பெரிய மனிதர் வாயை மூடிக்கொண்டார். துண்டில் தவிடு முடிந்துகொண்டு, பேரனோடும் மகளோடும் சம்பா கோயிலுக்குக் கிளம்பினார். மாதா முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் கையில் பிள்ளையைக் கொடுத்து, தவிட்டுக்குத் திரும்ப வாங்கிவிட்டால் அது ஊரான் பிள்ளை. எமன் வீடு தெரியாமல் திரும்பிவிடுவான். எமனுக்கு அவ்வளவுதான் மூளை என்று அவருக்கு நம்பிக்கை.

மெட்ராசிலிருந்து ஊர் சுற்ற வந்த ஒருவர் கழுத்தில் கேமராவோடு கோயில் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி நாலைந்து வருஷமாகியும், வெள்ளைச் சட்டை போட்டவரெல்லாம் மண்ணாங்கட்டிக்கு இன்னும் முசே, அதாவது துரைதான்.

"முசே, இதக் கொஞ்சம் புடிங்க. இனிமே இது ஒங்க புள்ள."

கையில் வைத்துவிட்டு, வழக்கப்படி வாசல்வரை நடந்தார். திரும்பினால் முசேயும் இல்லை, பேரனும் இல்லை.

பக்கக் கதவு வழியாக ஓடினார். தெருவில், பிள்ளையோடு ரிக்‌ஷா ஏறப்போன முசேயை மறித்தார்.

"பெத்த புள்ளைய எறிஞ்சிட்டு ஓடறியே, வெக்கமா இல்ல? போலீசுக்குப் போறேன்!" என்று கத்தினார் முசே.

"ஐயோ, எறியல முசே! இது எம் பேரன். இந்தாங்க தவுடு, புள்ளையக் குடுங்க."

"தவிடா? நான் என்ன மாடாய்யா?"

வாசலில் நின்ற அஞ்சலாட்சி ஓடிவந்து, அழுகைக்கு நடுவே விவரம் சொன்னாள். அதற்குள் பையன் தன் பங்குக்கு வெள்ளைச் சட்டையை நனைத்துவிட்டான்.

"எடுத்துத் தொலைங்க!" என்று நீட்டினார் முசே.

மண்ணாங்கட்டி வாங்கவில்லை. வாங்கப்போன மகளின் கையையும் தட்டிவிட்டார்.

"தொலைன்னு சொல்லிக் குடுத்தா எப்புடி முசே தங்கும்? தவுட்ட வாங்கிக்கிட்டு, 'வித்துட்டேன்'னு வாயால சொல்லுங்க."

"யோவ், நான் பி.ஏ. படிச்சவன்யா!"

"அதுக்கென்ன பண்றது? பரவால்ல, சொல்லுங்க."

கூட்டம் கூடிவிட்டது. மீன்கூடையோடு நின்ற ஒருத்தி, "சொல்லித் தொலையேன்யா, வெயில்ல கொழந்த காயுது" என்றாள். முசே கைக்குட்டையை விரித்துத் தவிட்டை வாங்கினார்.

"வித்துட்டேன்."

மண்ணாங்கட்டி பேரனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"உள்ள போயி மாதாவக் கும்புட்டுட்டுப் போலாம்ப்பா" என்றாள் அஞ்சலாட்சி.

"நாளைக்கு வந்து மெதுவா கும்புடு. இப்ப நட சீக்கிரம். பையன் மூஞ்சிய இன்னொரு தரம் நல்லாப் பாத்தான்னா, அந்தாளு வெலைய ஏத்திடப்போறான்."