மூன்று இருபத்தைந்துக்கு வந்த பிங்கோ

“பாட்டை ஏன்டா நிறுத்தல?” என்று அம்மா கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வெகுநாள் ஆனது.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் எங்கள் தெருக்கோடித் தொழிலாளர் கிளப்பில் இருபத்திரண்டு வருடமாக நிகழ்ச்சிகளை நடத்துபவர் பெரில் ஹோல்ராய்ட். வார நாட்களில் பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பார். ஞாயிறு மதியம் கிளப்பில் யார் பாடுவது, எப்போது முடிப்பது எல்லாம் அவர் கையில். நாலு மணிக்குப் பிங்கோ: பையிலிருந்து பந்து எடுத்து அவர் எண் சொல்லச் சொல்ல, எல்லோரும் தங்கள் சீட்டில் அந்த எண்ணை அடிப்பார்கள். ‘கண்ணு கீழே!’ என்று அவர் மைக்கில் ஆரம்பித்தால் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. குழந்தை வண்டியில் கிடந்த வயதிலேயே எங்கள் வாயைப் பொத்திப் பழக்கியிருந்தார்கள்.

எங்கள் ‘ஸ்லோ பஸ்’ இசைக்குழுவில் நாலு பேர். நான் கிட்டார். பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் இலவசமாகக் கொடுத்த சிடிக்களைப் பிள்ளைகள் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். கடைக்கு ஒரு இசைத்தட்டுகூட வராமலே ஊர் முழுக்க எங்கள் பாட்டு. அந்த ஞாயிறு, இருநூறு பேர் கொள்ளும் கூடத்தில் ஐநூறு பேர் நுழைந்துவிட்டார்கள்.

“நாலுக்கு முடிச்சிடணும்” என்றார் பெரில்.

“அத்தை, லண்டன்லேருந்து ரெக்கார்டு கம்பெனி ஆளு வந்திருக்காரு!” என்றான் எங்கள் பாடகன் கெய்ரன்.

“வரட்டும். அவருக்கும் ஒரு சீட்டு குடுக்கறேன்.”

மூன்றாவது பாட்டில் பின்வரிசை முன்னே தள்ளியது. மேடை விளிம்பை ஒட்டிக் கீழே என் தங்கை, பதினாலு வயது. மரப்பலகை அவள் நெஞ்சில் அழுந்தியது. முதலில் சிரித்தாள். பிறகு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உதடு வெளுத்தது. கெய்ரன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். நிறுத்தினால் கூட்டம் வெறிபிடித்துவிடுமோ என்று பயந்தேன். லண்டன்காரர் போய்விடுவாரோ என்றும் பயந்தேன். இந்தப் பாட்டு முடியட்டும் என்று நினைத்தேன். விரல்கள் தாமாக வாசித்தன. தங்கையின் தலை சாய்ந்தது.

சட்டென்று எல்லா விளக்குகளும் எரிந்தன. எங்கள் ஒலிபெருக்கி செத்தது.

“கண்ணு கீழே! முதல் எண், நாற்பத்தி நாலு.” மைக்கில் பெரில் அத்தையின் குரல்.

கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு நிமிடம்கூட முந்தியதில்லை. ஐநூறு பேரும் கல்லாய் நின்றார்கள். ஓரத்துக் கிழவர்கள் பேனாவைத் தேடினார்கள். தள்ளுவது நின்றது.

“ஏழு. யாரும் அசையாதீங்க. எண்பத்தி ஒண்ணு. டேய் தம்பி, கிட்டாரைக் கீழ வெச்சிட்டு உன் தங்கச்சியைத் தூக்குடா. பன்னெண்டு.”

தூக்கினேன். மேடையில் கிடத்தியதும் இருமினாள். அந்தச் சத்தம்தான் அன்று நான் கேட்ட பாட்டு.

பிறகு பெரில் அத்தையைக் கிளப் சமையலறையில் பார்த்தேன். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அந்த எண்ணெல்லாம்...”

“ஒண்ணும் எடுக்கலடா. பந்துப் பை ஆபீஸ்ல பூட்டியிருக்கு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கிளப் கமிட்டி என்னைத் தின்னப் போறாங்க.”

இப்போது பெரிய அரங்குகளில் வாசிக்கிறோம். லண்டன்காரர்தான் ஒப்பந்தத்தில் எங்கள் கையெழுத்து வாங்கினார். ஒவ்வொரு முறையும் மேடையேறும்போது முதல் வரிசை முகங்களைத்தான் பார்க்கிறேன். இரண்டு தடவை பாதியில் நிறுத்தியிருக்கிறேன். கூச்சல் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அம்மாவுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன்: பயந்தேன், தப்பானதற்குப் பயந்தேன். உங்களுக்குத் தெரிந்து யாராவது மேடையேறினால், பெரில் அத்தை கதையை அவர்களிடம் சொல்லுங்கள். நடுப்பாட்டிலேயே நிறுத்தலாம் என்றும் சொல்லுங்கள்.