ஓ.டி.யில் யாரும் ஏறுவதில்லை

கடலூரில் பழைய டவுனை ஓ.டி. என்றுதான் சொல்வோம். துறைமுகத்து வேலை குறைந்தது, ஆபீஸ்களெல்லாம் மஞ்சக்குப்பத்துப் பக்கம் போயின, சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரம் இருந்த சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எங்கள் தெருவில் பூட்டிய வீடுகள்தான் அதிகம். ஆள் குறைந்த இடத்துக்குச் செலவு எதற்கு என்று மேலே இருப்பவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார்கள். முதலில் தபால் ஆபீஸ். பிறகு நர்சம்மா வந்து ஊசி போடும் இடம், அதற்கப்புறம் ஸ்கூல். கடைசியில் எங்கள் முதல் பஸ்ஸிலேயே கை வைத்தார்கள்.

விடிவதற்கு முன்னால் ஓ.டி.யில் புறப்பட்டு, பஸ் ஸ்டாண்டு வழியாகப் பண்ருட்டி போகும் பஸ் அது. அதைப் பிடித்து, பண்ருட்டியில் வேறு பஸ் மாறி, அக்காவும் நானும் காடாம்புலியூர் முந்திரிக் கம்பெனிக்குப் போவோம். அவள் கொட்டை உடைப்பாள், நான் பருப்பைத் தரம் பிரிப்பேன். மாமா இறந்த பிறகு அக்காவின் இரண்டு பெண்களையும் வளர்த்தது அந்த வேலைதான். நேரம் தவறினால் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். அடிக்கடி தவறினால் வராதே என்றுவிடுவார்கள். அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ கிடையாது. அக்காவுக்கு முட்டி வேறு வீங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதில் கம்பெனிக்குப் போகும் பெண்கள் நாங்களெல்லாம் லீவு சொல்லிவிட்டு டெப்போவுக்குப் போனோம். மேனேஜர் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு சொன்னார்:

“ஓ.டி.யில ஒரு ஆளு கூட ஏறலியேம்மா. காலிப் பஸ்ஸதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிக்கிட்டு வர்றாங்க. டிக்கெட் மிஷின் அப்பிடித்தான் காட்டுது.”

மிஷின் பொய் சொல்லவில்லை. அது எப்படி என்று எங்களுக்குத் தெரியும்.

முந்திரி உடைக்கிறவள் வீட்டுச் சமையலையும் முடித்துவிட்டு வந்து சீட்டில் சாய்ந்தால் கண் சொருகிவிடும். கண்டக்டர் அண்ணன் எங்களை எழுப்ப மாட்டார். உள்விளக்கை அணைத்துவிடுவார். “தூங்கட்டும், பஸ் ஸ்டாண்டுல குடுத்துக்கலாம்” என்று டிரைவரிடம் சொல்வார். பஸ் ஸ்டாண்டில் விளக்குப் போட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். அங்கே ஏறியவர்கள் என்றுதான் மிஷினில் பதிவாகும். ஓ.டி.யிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்குமான சில்லறையை அவர் கேட்டதும் இல்லை, நாங்கள் கொடுத்ததும் இல்லை. அந்த மனுஷனின் நல்ல மனசில் எங்கள் ஊரே காணாமல் போயிருந்தது.

அவரும் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் கூப்பிட்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ரிடையர் ஆக அவருக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. டிக்கெட் போடாமல் ஆளை ஏற்றினார் என்று தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும், பென்ஷனும் சிக்கலாகும்.

“யாராச்சும் ஏறுனீங்கன்னா வாயத் தொறந்து சொல்லுங்கம்மா. நான் மேல எழுதறேன், பஸ் நிக்காது” என்றார் மேனேஜர்.

ஒரு வார்த்தை போதும். என் நாக்கு நுனியிலேயே இருந்தது. எனக்குப் பொறுமை எப்போதும் கம்மி. ஊராருக்காக உருகுகிறவளும் இல்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். முந்திரிக்கொட்டைத் தோட்டின் பால் பட்டுக் கறுத்துத் தோலுரிந்த விரல்கள், சுரசுரவென்று இருந்தன. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மேனேஜர் கண்டக்டர் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க. யாராவது ஏறுறாங்களா, இல்லியா?”

கண்டக்டர் அண்ணன் முன்னால் வந்தார். “சார், அது வந்து…” என்று ஆரம்பித்தார். சொல்லிவிடப் போகிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

“காசு மிச்சம்னு நாங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துதான் சார் போறோம்” என்றாள் அக்கா. “ஓ.டி.யில ஏறுறதில்ல. இனிமே ஏறலாம்னு கேக்க வந்தோம், அவ்ளோதான்.”

“இனிமே ஏறுவோம்னு சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா” என்று மேனேஜர் ஃபைலை மூடினார். வெளியே வந்ததும் நான் கத்தினேன். “உனக்கு இன்னா பைத்தியமா? அவரே சொல்ல வந்தாரு இல்ல?”

“அவுரு சொல்லியிருந்தா நாளைக்கு அந்த பஸ்ஸுல நான் எப்பிடிடீ தூங்குவேன்?” என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து முதல் பஸ் பஸ் ஸ்டாண்டிலிருந்தே புறப்பட்டது. அக்கா சொன்ன பொய்யை நாங்கள் தினமும் இருட்டில் நடந்து உண்மையாக்கினோம். நாய்களுக்குப் பயந்து கையில் குச்சி வைத்துக்கொண்டோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு விளக்கை அணைப்பார். அக்கா தூங்கவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே வருவாள்.

மழைக்காலம் வந்ததும் அவளால் முடியவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டியில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டாள். அவளோடு இன்னும் சிலரும் போனார்கள். ஊரை விட்டு வர மறுத்த அம்மாவுக்காக நான் இங்கேயே இருந்தேன். அக்காமேல் இருந்த கோபம் எனக்கு ஆறவே இல்லை.

பிறகு ஒரு நாள் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். எங்கள் வீட்டை எழுதி முடித்துவிட்டு, பக்கத்திலிருந்த அக்கா வீட்டுப் பூட்டைப் பார்த்துக் கேட்டார்.

“இங்க யாரு இருக்காங்க?”

டெப்போவில் அடக்கிவைத்ததையெல்லாம் இவரிடமாவது கொட்டிவிடலாமா என்று இருந்தது.

“யாரும் இல்ல டீச்சர்” என்றேன்.