மிச்சம் வைத்த கிண்ணம்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரித் தட்டு நீட்டி நீட்டி எனக்குக் கையே அலுத்துப்போயிருந்தது. அப்போது நான் கரியாலூரில் பள்ளி ஆசிரியை. வாரம் முழுக்க மலையில் இருப்பேன். சனிக்கிழமை பஸ் கிடைத்தால் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இறங்கி வருவேன். வந்த களைப்புத் தீருவதற்குள் அம்மா பட்டுப்புடவையை எடுத்து வைத்திருப்பாள். வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். போடமாட்டார்கள். இனிமேல் யாருக்காகவும் புடவை மாற்ற மாட்டேன் என்று ஒருநாள் அம்மாவிடம் கத்தியேவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. சாலையில் எங்கே மரம் கிடக்கும், எந்த ஊரோடு பஸ் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் விழுப்புரத்தோடு திரும்பிப் போனார்கள். கடைசியில், தப்பாக நினைக்காமல் நீங்களே பெண்ணை அழைத்து வரமுடியுமா என்று தரகரிடம் கேட்டு அனுப்பினார்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் அப்பாவும் என்னைப்போலவே களைத்திருந்தார். சரி என்றுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் சும்மா சாப்பிட்டுவிட மாட்டார்கள். பிடித்திருந்தால் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால், வயிறு நிறைந்திருக்கிறது என்று தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். முகத்தில் அடித்தாற்போல வேண்டாம் என்று சொல்லாமல் தப்பிக்க ஒரு நல்ல வழி.

நானும் அப்பாவும் விடியற்காலையில் கிளம்பினோம். தியாகதுருகம் தாண்டியதும் ஒரு புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. பஸ் நின்றுவிட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளைகளுக்குள் காலை விட்டார்.

“மரத்த சாய்ச்சது நம்ம பசங்க. ஏறிக் குதிக்கிறது நாம,” என்றார்.

அந்தப் பக்கம் ஒரு லாரி, பிறகு இன்னொரு பஸ். புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பட்டுப்புடவை கசங்கி, கூந்தலில் புளிய இலை ஒட்டியிருந்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீரைத் தவிர ஒன்றும் வயிற்றுக்குள் போகவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சைகோனில் பிறந்து வளர்ந்தவர். குடும்பம் திரும்பி வந்த பிறகு, வீட்டின் முன்கட்டில் நாலைந்து மேசை போட்டு வியட்நாம் ஓட்டல் நடத்தினார். அன்று எங்களுக்காகக் கடையை அடைத்துவிட்டுச் சமைத்திருந்தார். மாப்பிள்ளை ஓர் அச்சகத்தில் வேலை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர், என்னைப் பார்த்து நேராகவே கேட்டார்.

“மலையில தனியா இருக்கீங்களே, பயமா இல்லீங்களா?”

“கீழ எறங்கினாதாங்க பயம்,” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்பதைத் தவிர வேறு எதையாவது என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இவரையே கட்டிக்கொள்ளலாம், புடவையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சாப்பாடு வந்தது. பெரிய பெரிய கிண்ணங்கள். வெந்நீர் போன்ற சாறு, அதில் வெள்ளையாக அரிசிச் சேமியா, இரண்டு கோழித்துண்டு, மேலே பச்சையாகப் புதினாவும் முளைப்பயறும். பக்கத்தில் மீனை உப்பில் ஊறவைத்து இறக்கிய சாறு ஒரு குட்டிக் கிண்ணத்தில். காரம் கிடையாது, புளி கிடையாது. அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

“சோறு எங்கம்மா?”

“இதாம்ப்பா சோறு.”

அவர் முயற்சி செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு கரண்டி வாயில் வைத்தார். மீன்சாற்றின் வாடைக்குக் கண்ணை மூடிக்கொண்டார். சேமியாவைக் கொஞ்சநேரம் கிளறினார். பிறகு கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

“வயிறு நெறஞ்சிருக்குதுங்க,” என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குப் பகீரென்றது. அப்பா இருக்கும்போது நான் வாயைத் திறக்க முடியாது. அதனால் சாப்பிட்டேன். சேமியா, பயறு, பச்சை இலை எல்லாவற்றையும் தின்று, கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றையும் குடித்து, காலிக் கிண்ணத்தை மேசை நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன்.

திரும்பும் வழியில், விழுப்புரத்தில் அப்பா புரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: “தங்கமான பையன். முடிச்சிடலாம்.”

ஆனால் மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் முதலில் சொல்லி அனுப்பவேண்டும் என்று அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். சாலை சரியாகி, தரகர் வந்து சேர்வதற்குள் நாள் ஓடிவிட்டது.

“அவங்க வேற எடம் முடிச்சிட்டாங்க. நீங்கதான் வேணாம்னுட்டீங்களாமே,” என்றார் தரகர்.

“நான் எப்பய்யா சொன்னேன்?”

“கை நனைக்காம எழுந்துட்டீங்களாமே. அதுக்கு மேல இன்னா சொல்லணும்?”

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வாய்க்குப் பிடிக்காததும் வரன் பிடிக்காததும் ஒன்றா என்று புலம்பினார். நான் அடுப்படிக்குப் போனேன்.

“நான் முழுசா சாப்ட்டேன்மா,” என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“பொண்ணு சாப்ட்டத யாருடி பாக்கறாங்க?”

திங்கட்கிழமை காலை கரியாலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சாறு எனக்கும்தான் பிடிக்கவில்லை.